கணைய மொட்டு வளரவே மாட்டேன் என்கிறது: முன்னோடி செல்கள் எங்கே போகின்றன?

கேள்வி:
11.5 நாள் எலிக்கருவிலிருந்து முதுகுப்புறக் கணைய மொட்டை எடுத்து, நொதி போட்டு மீசன்கைமை (மொட்டைச் சுற்றியுள்ள இணைப்புத் திசுவை) உரித்துவிட்டு, கணையமாகப் போகிற உள்படலமான எபிதீலியத்தை மட்டும் வளர்க்கிறேன். மூன்று நாளாகியும் போட்ட அளவிலேயே நிற்கிறது, ஒரு கிளைகூட விடவில்லை. சாயமிட்டால் சாக்ஸ்9 செல்கள், அதாவது இன்னும் எந்த வகை என்று முடிவாகாத முன்னோடிகள், அங்கொன்றும் இங்கொன்றும்தான். குளுக்ககான் ஹார்மோன் சுரக்கும் செல்கள் கொத்துக் கொத்தாக. மற்ற முன்னோடிகள் செத்துவிட்டனவா?

பதில் 1:
சாகிற செல்லைக் காட்டும் காஸ்பேஸ்3 சாயம் போடாமல் சாவு என்று முடிவு கட்டாதீர்கள். அவசரப்பட்டு முதிர்ந்துவிட்டன என்றுதான் எனக்குப் படுகிறது. மீசன்கைம் சுரக்கும் வளர்ச்சிக் காரணியான எஃப்ஜிஎஃப்10தான் முன்னோடிகளைப் பெருக வைப்பது. அது ஏற்பியில் பட்டால் சாக்ஸ்9 நிலைக்கும். சாக்ஸ்9 இருந்தால்தான் அந்த ஏற்பியே இருக்கும். ஒன்று அறுந்தால் இரண்டும் போச்சு. எஃப்ஜிஎஃப்10ஐ, அது ஏற்பியில் ஒட்ட உதவும் ஹெப்பரினோடு சேர்த்துப் பாருங்கள். ஆனால் அள்ளிக் கொட்ட வேண்டாம், மிஞ்சினால் எல்லாம் முன்னோடியாகவே உட்கார்ந்துவிடும்.

பதில் 2:
அதற்கு முன்னால் ஒன்று. மீசன்கைமோடு வைத்த மொட்டு எப்படி இருக்கிறது? அது நன்றாகக் கிளைத்தால் மேலே சொன்னதுதான். அதுவும் இதே கதி என்றால் வளர்ப்பு ஊடகத்தைச் சந்தேகப்படுங்கள், குறிப்பாக அது நாட்ச் சமிக்ஞையை (பக்கத்துப் பக்கத்துச் செல்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்வதை) கெடுக்கிறதா என்று. நியூரோஜெனின்3 என்ற புரதம் ஏறிய செல் ஹார்மோன் செல்லாகப் புறப்படும்போதே பக்கத்துச் செல்லின் நாட்சைத் தட்டிவிடும். அங்கே ஹெஸ்1 என்ற புரதம் எழுந்து, "நீ முன்னோடியாகவே இரு" என்று பிடித்து வைக்கும். அந்தப் பிடி விட்டால் எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பிவிடும்.

கேட்டவர்:
சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மீசன்கைமோடு வைத்ததும் குட்டைதான், அதிலும் குளுக்ககான் கொத்துகள். ஊடகம் பக்கத்து மேசைக்காரரிடம் கடன் வாங்கியது. அவர் ஸ்டெம் செல்லிலிருந்து இன்சுலின் சுரக்கும் பீட்டா செல் செய்கிறவர். பாட்டில் மூடியில் மார்க்கரால் பொடி எழுத்தில், 'காமா செக்ரடேஸ் தடுப்பான் சேர்த்தது'! கழுவிவிட்டால் மொட்டு தேறுமா?

பதில் 2:
அப்படியென்றால் ஆள் அகப்பட்டாயிற்று. காமா செக்ரடேஸ் என்ற நொதி வெட்டிவிட்டால்தான் நாட்சின் உள்துண்டு செல்லின் உட்கருவுக்குள் போய் ஹெஸ்1ஐ எழுப்பும்; தடுப்பான் அந்த வெட்டையே நிறுத்திவிட்டது. கழுவினால் மிச்சமிருக்கும் முன்னோடிகள் கொஞ்சம் பெருகலாம், நியூரோஜெனின்3 ஏறியவை திரும்பாது. குறைந்ததைக் கணையம் ஈடுகட்டவும் செய்யாது: 2007இல் ஹார்வர்டு ஆய்வாளர் மெல்டனின் குழு எலிக்கருவில் கணைய முன்னோடிகளைக் குறைத்தபோது கணையம் சின்னதாகவே நின்றது, கல்லீரல் மட்டும் பழைய அளவுக்கு வந்துவிட்டது. அதனால் புது மொட்டு, புது ஊடகம். மீசன்கைமை உரிக்கிற தட்டுக்கு மட்டும் எஃப்ஜிஎஃப்10.