மறு: ஆயில் சீலுக்குத் தமிழ்: ‘அடைப்பான்’ வேண்டாமே

எல்லோருக்கும் வணக்கம்.

ஆயில் சீலுக்கு, அதாவது சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெயோ கிரீஸோ கசியாமல் நிறுத்தும் வளையத்துக்கு, தமிழில் என்ன சொல்வது என்று நீங்கள் ஆளுக்கொரு சொல் சொல்லிவரும் இந்த இழையை மூன்று நாளாகப் படிக்கிறேன், பதில் எழுத நேரமில்லை. நேரம் போனதே இந்தச் சீலில்தான். இங்கே ஜெர்மனியில் என்னிடம் ஒரு பழைய ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் கார் இருக்கிறது, 1974இல் வந்ததே அந்த முதல் தலைமுறை. பின்சக்கரத்துக்கு பிரேக் ஷூ மாற்ற உட்கார்ந்தேன். அந்த வண்டியில் பின்னால் பிரேக் டிரம்மும் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பும் ஒரே வார்ப்பு, அதனால் நடு மூடியைத் தட்டி எடுத்து, ஸ்பிளிட் பின்னை உருவி, நட்டைக் கழற்றி, வெளிப் பேரிங்கையும் எடுத்தால்தான் டிரம் கையோடு வரும். உள் பேரிங் டிரம்மின் முதுகுப் பக்கம் சீலுக்கு உள்ளே இருக்கிறது. அதைக் கழுவிப் புது கிரீஸ் வைக்க வேண்டுமென்றால் சீலை நெம்பித்தான் ஆகவேண்டும். நெம்பினால் கோணிக்கொள்ளும், திரும்பப் போடக்கூடாது. முன்பு வண்டியை வைத்திருந்தவர் போட்டிருக்கிறார். இடது பக்க ஷூவில் டிரம்மோடு உரசும் லைனிங் முழுக்கக் கரேலென்று கிரீஸ். லைனிங் கிரீஸைக் குடித்துவிட்டால் துடைத்துப் பயனில்லை, இரண்டு பக்க ஷூவும் குப்பைக்கு.

சரி, இழையில் வந்த சொற்களுக்கு வருகிறேன்.

‘முத்திரை’யைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, அது பத்திரப் பதிவுக்கு. ‘அடைப்பான்’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மாடு வைத்திருக்கிற வீட்டில் போய்ச் சொல்லிப் பாருங்கள், அது மாட்டைக் கொல்லும் நோயின் பெயர், எந்த மாட்டுக்கு என்று பதறுவார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. பேரிங்கில் கிரீஸை உள்ளங்கையில் வைத்து அழுத்தி ஏற்றுவதையும் ‘அடைப்பது’ என்றுதான் சொல்கிறோம். “கிரீஸ் அடைத்தபின் அடைப்பானை அடித்து இறக்கு” என்று எழுதினால் படிக்கிறவனுக்குத் தலை சுற்றும். ‘கசிவடை’ சொன்ன தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம், எனக்கு அது கசி-வடை என்றுதான் கண்ணில் படுகிறது. ஒருமுறை வடையைப் பார்த்துவிட்டால் பிறகு சீல் தெரியாது.

‘பூண்’ நான் முதலில் நினைத்தது. உலக்கைப் பூண், தடிப் பூண் எல்லாம் இரும்பு வளையம்தானே. ஆனால் பூண் வெளியே மாட்டுவது, இது துளைக்குள் இறங்குவது. நானே கைவிட்டேன்.

ஜெர்மன்காரர்கள் ஏட்டில் இதைத் ‘தண்டு-அடை-வளையம்’ என்கிற பொருளில் எழுதுகிறார்கள், பட்டறையில் மட்டும் ‘சிம்மரிங்’. அது ஆளின் பெயர்! தோல் பதனிடும் தொழிலில் தொடங்கிய ஃப்ராய்டன்பெர்க் நிறுவனத்தில் வால்டர் சிம்மர் என்பவர் உருவாக்கியது, முதலில் தோலில்தான் செய்தார்கள். ஆக ஏட்டுக்கு ஒரு சொல், பட்டறைக்கு ஒரு சொல் என்பது நமக்கு மட்டும் வந்த நோய் இல்லை.

நான் சொல்லவருவது இதுதான்: புதுச் சீலை மேசையில் வைத்துப் பாருங்கள். வெளியே தகரக் கூடு, அதில் 35×52×7 என்பதுபோல் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். உள்ளே ரப்பர் இதழ் ஒன்று மெல்லிசாகச் சரிந்து நிற்கிறது. கிரீஸை நிறுத்துவது அந்த இதழ்தான். மாட்டும்போது தப்பு நடப்பதும் அங்கேதான். இதழ் கிரீஸ் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும், திருப்பிப் போட்டால் அடுத்த கோடைக்குள் மறுபடி லைனிங் வாங்கலாம். அதனால் சொல்லிலேயே இதழ் இருக்கட்டும்: ‘இதழ்வளையம்’. பொறியாளர் ஒருவர் ஓ-ரிங்குக்கு, அந்த வெறும் ரப்பர் வளையத்துக்கு, என்ன செய்வது என்று இழையில் கேட்டிருந்தார். அதற்கு இதழே கிடையாதே, அது ‘அடைவளையம்’ என்று தனியாகப் போகட்டும்.

வாக்கியத்தில் போட்டுப் பார்க்கிறேன்: “இதழ்வளையத்தின் இதழில் சிறிது கிரீஸ் தடவி, இதழ் பேரிங்கைப் பார்க்க வைத்து, மேலே தட்டையான மரத்துண்டு கொடுத்துச் சுற்றிச் சுற்றித் தட்டி இறக்கவும்.” எனக்கு உறுத்தவில்லை. முதல் முறை வரும் இடத்தில் ‘ஆயில் சீல் என்கிற இதழ்வளையம்’ என்று எழுதிவிட்டால் மெக்கானிக்கும் நம்மோடு வருவார்.

ஈழத்து அண்ணா பேரிங்குக்கு எழுதும் ‘போதிகை’ எனக்கு ரொம்பப் பிடிக்கும். கோயில் தூணின் தலையில் இருந்து பாரம் தாங்குவதும் போதிகைதான். ஆனால் இங்கே ‘பேரிங்’ என்றே விடுகிறேன், ஒரே மூச்சில் இரண்டு புதுச்சொல் வேண்டாம். ஹப்புக்கு மட்டும் மாட்டுவண்டிக்காரர்களின் ‘குடம்’ இருக்கும்போது வேறு தேடாதீர்கள். அந்தக் குடத்துக்கு வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மை போட்டவர்கள் நம் தாத்தாக்கள்.

ஒன்று பாக்கி. இதழைத் தண்டோடு இறுக்கிப் பிடிக்க அதன் முதுகில் மயிரிழைபோல ஒரு சுருள் கம்பி வளையமாக ஓடுகிறதே, அதற்கு ‘அரைஞாண் சுருள்’ என்று எழுதிவைத்திருக்கிறேன். சிரித்துவிட்டு, வேறு நல்லதாகத் தோன்றினால் சொல்லுங்கள்.