குவாரண்டைன் லீவுக்குத் தமிழில் என்ன?

மஞ்சக்குப்பம்:
அனைவருக்கும் வணக்கம். புதிதாகச் சேர்ந்த இளநிலை உதவியாளர்களுக்காக விடுப்பு விதிகளைத் தமிழில் கையேடாகப் போடுகிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஈட்டிய விடுப்பு, தற்செயல் விடுப்பு எல்லாம் சரி, குவாரண்டைன் லீவில்தான் நிற்கிறேன். பழைய விதிப்படி, வீட்டில் ஒருவருக்குத் தொற்றுநோய் கண்டு, ஊழியர் வேலைக்கு வரக் கூடாது என்று மருத்துவ அலுவலர் சான்று தந்தால் 21 நாள் வரை, தவிர்க்க முடியாவிட்டால் 30 நாள் வரை உண்டு. சம்பளம் நிற்காது. 'தனிமைப்படுத்தல் விடுப்பு' என்று போடலாமா?

லாஸ்பேட்டை:
வேண்டாம் ஐயா. கொரோனாவில் நோயாளியையும் தனிமைப்படுத்தினார்கள், பக்கத்தில் இருந்தவரையும் தனிமைப்படுத்தினார்கள். இந்த விடுப்பு நோய் வராதவருக்கு மட்டும். ஊழியருக்கே நோய் வந்துவிட்டால் வேறு விடுப்புதான் எடுக்க வேண்டும். சொல் குழம்பினால் விண்ணப்பம் திரும்பி வரும், பாதிக்கப்படுவது கடைநிலை ஊழியர். 'தொற்றொதுக்க விடுப்பு' என் பரிந்துரை.

நெல்லிக்குப்பம்:
'ஒதுக்கி வைத்தல்' என்றால் என்ன என்று எங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள். அந்தச் சொல் அரசுத் தாளில் ஏறக் கூடாது. 'தொற்றுக்காப்பு விடுப்பு' போதும்.

முத்தியால்பேட்டை:
அம்மா, உங்கள் வலி நியாயம். ஆனால் அடங்கு, அடக்கம்; தூங்கு, தூக்கம்; இயங்கு, இயக்கம். அப்படியே ஒதுங்கு, ஒதுக்கம். தானாக விலகி நிற்பதுதான் இது, தன்வினை. சங்கப் பாட்டில் 'ஒதுக்கம்' என்றால் நடை என்றே பொருள்! இன்னொன்று: பிரெஞ்சில் குவாரண்டைன் என்ற சொல்லுக்கே நாற்பது என்ற கணக்கு உண்டு. வெனிஸில் தொற்றுக்கு அஞ்சிக் கப்பல்களை நாற்பது நாள் நிறுத்திய வழக்கம். அதற்கு முன், 1377இல், ரகூசா என்ற துறைமுக நகரில் முப்பது நாள். நம்மிடம் 'மண்டலம்' இருக்கிறதே, 'மண்டல விடுப்பு' என்றால் என்ன?

மஞ்சக்குப்பம்:
மண்டலம் 48 நாள் ஐயா, விதியில் 21. மண்டல அலுவலகம் என்று வேறு நினைப்பார்கள்.

லாஸ்பேட்டை:
இலக்கணம் சரிதான். ஆனால் விண்ணப்பம் எழுதுபவர் தன்வினை, பிறவினை பார்த்தா எழுதுவார்? நெல்லிக்குப்பம் அம்மா சொல்வதை ஏற்று, என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். கையேட்டில் இதையும் சேருங்கள்: பழைய விதியின் நோய்ப் பட்டியலில் பெரியம்மை உண்டு, சின்னம்மை கிடையாது. பெரியம்மையோ என்று சுகாதார அலுவலர் ஐயப்பட்டால்தான் சின்னம்மைக்கு விடுப்பு. வாசலில் வேப்பிலை செருகியிருப்பதைப் பார்த்தே யாரும் விடுப்புத் தந்துவிட மாட்டார்கள். அப்புறம், புதுச்சேரி ஊழியர்களுக்கு மத்திய அரசு விதிகள். அவர்களுக்கு 2021 ஜூன் ஆணைப்படி, பெற்றோருக்கோ சார்ந்திருக்கும் குடும்பத்தாருக்கோ கொரோனா உறுதியானால் 15 நாள் சிறப்புத் தற்செயல் விடுப்பு என்றுதான் வந்தது. இரண்டையும் ஒரே தலைப்பில் போடாதீர்கள்.

மஞ்சக்குப்பம்:
நன்றி. பெரும்பாலோர் விருப்பப்படி 'தொற்றுக்காப்பு விடுப்பு' என்று போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் குவாரண்டைன்.

முத்தியால்பேட்டை:
போடுங்கள், தடுக்கவில்லை. ஆனால் தொற்றுக்காப்பு என்றதும் தடுப்பூசி போட லீவு என்று நினைப்பார்கள். 'ஒதுக்கம்' பற்றித் தனியாக எழுதுகிறேன்.