லயத்து நாய் பழசா, பங்களா நாய் பழசா?

மலைக்காற்று, பொகவந்தலாவை:
எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) திரியும் நாய்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சு. நடுத்தர உடம்பு, செவலை நிறம், சுருண்ட வால். மேலே துரை பங்களாவில் இருப்பதோ வயிறு தரையில் உரசுகிற மாதிரி ஒரு டாக்ஸ்ஹுண்ட். நாய்களில் இத்தனை வடிவம் வந்ததே வெள்ளைக்காரன் காலத்தில்தான், அதற்கு முன்னால் எல்லாம் ஒரே சாயல்தான் என்று மகளின் டியூஷன் சேர் சொல்லியிருக்கிறார். அது சரியா? ஆதி மனிதர்கள் நாயை எதற்கு வைத்திருந்தார்கள், காவலுக்கா, வேட்டைக்கா?

எலும்புப் பைத்தியம்:
சேர் சொன்னது பாதிதான் சரி, தம்பி. நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் லண்டனில் தொடங்கியது 1873இல். சப்பை மூக்கு நாய்களைக் கண்காட்சிக்காக மூச்சுவிட முடியாத அளவுக்குக் கொண்டுபோனது அதற்குப் பிறகு வந்த கூத்து. ஆனால் கடந்த 50,000 ஆண்டுகளைச் சேர்ந்த 643 நாய், ஓநாய் மண்டையோடுகளை அளந்து 2025இல் ஓர் ஆய்வு வந்தது. இன்றைய நாய்களுக்குள் இருக்கும் வேறுபாட்டில் பாதி, கற்காலத்து நாய்களிலேயே வந்துவிட்டதாம். ரஷ்யாவில் கிடைத்த ஏறத்தாழ 11,000 ஆண்டுப் பழைய மண்டையோடு ஒன்று அப்போதே ஓநாய் அச்சை விட்டு விலகி நாயாகிவிட்டது.

எதற்கு வைத்திருந்தார்கள் என்று கேட்டால், இடத்துக்கு இடம் வேறு. சைபீரியாவுக்கு வடக்கே சோகோவ் தீவில் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் சறுக்கு வண்டி இழுக்க நாய் வளர்த்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை 16 முதல் 25 கிலோ. அதைவிடச் சிறிதானால் இழுக்கப் பலம் போதாது, பெரிதானால் ஓடும்போது உடம்புச் சூடு வெளியேறாது. யாரும் ஸ்கேல் வைத்து நிறுத்துப் பார்க்கவில்லை, நன்றாக இழுத்த நாயின் குட்டியை வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

தலவாக்கலை அக்கா:
பங்களா நாயையும் நேற்று வந்ததாக நினைக்க வேண்டாம். எகிப்தில் பெனி ஹசன் கல்லறைச் சுவர்களில், சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்பே, கட்டைக்கால் நாய் வரைந்திருக்கிறார்கள். அது டாக்ஸ்ஹுண்டின் பாட்டன் என்று சொல்ல வரவில்லை, குட்டைக்கால் என்பது அவ்வளவு பழசு என்கிறேன். மெலிந்த உடம்பும் சுருண்ட வாலுமாக வேட்டை நாய்களும் அங்கே உண்டு. அப்புறம் ரோமில் கொலுமெல்லா என்பவர் வேளாண்மை பற்றி எழுதும்போது நாயின் நிறத்துக்கே கணக்குச் சொல்கிறார்: வீட்டுக் காவலுக்குக் கறுப்பு, இருட்டில் திருடன் கண்ணில் படாது; ஆட்டு மந்தைக்கு வெள்ளை, மங்கலில் ஓநாய் என்று நினைத்து இடையன் அடித்துவிடக் கூடாது. எனக்கு இதில் இரண்டாவது காரணம்தான் மிகவும் பிடித்தது.

கொட்டகலை வாசி:
நம்ம ஆட்கள் கதை ஒன்று சொல்லாமல் விடலாமா? திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல், 7ஆம் நூற்றாண்டு. கோவிவன் என்ற நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதைக் கல்லில் பெயரோடு வெட்டி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் அதன் எசமான் உருவமும் உண்டு.

இந்த மலையில் சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரர் 1848இல் நுவரெலியாவில் குடியேறி, மரை மான் வேட்டைக்காக வேட்டை நாய்க்கூட்டமே வைத்திருந்தார். துரைமாருக்கு அது விளையாட்டு. லயத்து நாய்க்கு வேலை வேறு, ராத்திரியில் குரைக்க வேண்டும், சிறுத்தை வந்தால் முதலில் போவதும் அதுதான்.

மலைக்காற்று, பொகவந்தலாவை:
நன்றி, எல்லாருக்கும். சேருக்கு இதைக் காட்டலாம், கோபித்துக்கொள்ள மாட்டார். இன்னொன்று, எங்கள் நாய் இறைச்சியே பார்க்காமல் ரொட்டியும் சோறும் தின்று கொழுத்துக் கிடக்கிறதே, அது எப்படி?

எலும்புப் பைத்தியம்:
ஓநாயிடம் மாச்சத்தைச் செரிக்கும் மரபணு பொதுவாக இரண்டு பிரதிதான். விவசாயம் செய்தவர்களோடு ஒட்டிக்கொண்ட நாய்களில் அது பெருகிவிட்டது. தாராளமாக ரொட்டி போடுங்கள், சம்பலை மட்டும் வைக்காதீர்கள், அதில் இருக்கும் வெங்காயம் நாய்க்கு ஆகாது.