தெரியாத ஊரில் 2 நாள் ஷட்டில் டோர்னமென்ட்: குடும்பத்தோடு போக எப்படித் திட்டமிடுவது?

கேள்வி — பின்கோர்ட்

வணக்கம். மகளுக்கு 13 வயது. 15 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் ஒற்றையர், இரட்டையர் இரண்டுக்கும் பெயர் கொடுத்திருக்கிறோம். சனி, ஞாயிறு போட்டி. அந்த ஊரில் எங்களுக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. காரில் ஐந்து மணி நேரப் பயணம். நானும் மனைவியும், 6 வயது மகனும், மாடிப்படி ஏறச் சிரமப்படும் அம்மாவும் கூட வருகிறோம்.

தெரிய வேண்டியவை: அறையை ஹாலுக்குப் பக்கத்தில் எடுப்பதா, ஊருக்குள் எடுப்பதா? சுற்றிப் பார்க்க எந்த நேரத்தை ஒதுக்குவது? டிரா (யார் யாரோடு ஆடுவது என்ற அட்டவணை) வியாழன் இரவுதான் வருமாம், அதற்கு முன்பே எதையெல்லாம் முடித்து வைக்கலாம்? மகள் எந்தச் சுற்று வரை போவாள் என்று தெரியாத நிலையில் திரும்பும் நேரத்தை எப்படி முடிவு செய்வது?

பதில் — டிராஷீட்

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அதைப் பிடித்துத்தான் போகும். ஷட்டில் டோர்னமென்டில் முதல் ஆட்டத்துக்குத்தான் ஓரளவு நேரம் சொல்வார்கள். அதன் பிறகு ஆட்ட எண் வரிசைதான் உங்கள் கடிகாரம். அந்த எண்ணை நேரமாக மாற்றத் தெரிந்துவிட்டால் வார இறுதியில் பாதிக் குழப்பம் தீரும்.

டிரா வந்ததும் மூன்று விஷயம் பாருங்கள்: அன்றைய மொத்த ஆட்டங்கள், கோர்ட்டுகள், மகளின் ஆட்ட எண். ஒரு ஆட்டத்துக்கு, அழைப்பையும் வார்ம்-அப்பையும் சேர்த்து, 30 நிமிடம் என்று வையுங்கள். 6 கோர்ட், காலை 8 மணிக்குத் தொடக்கம், மகளின் ஆட்டம் 58 என்றால், முன்னால் 57 ஆட்டங்கள். 57-ஐ 6-ஆல் வகுத்தால் ஒன்பதரை. அதாவது ஏறக்குறைய நாலே முக்கால் மணி நேரம். 12:45 வாக்கில் அழைப்பு வரும்.

இது காலையில் போடும் கணக்கு. 10 மணிக்கு மறுபடி சரிபாருங்கள். அதற்குள் 24 ஆட்டம் முடிந்திருந்தால் கணக்கு சரி. 18 தான் முடிந்திருக்கிறது என்றால் ஒரு ஆட்டத்துக்கு 40 நிமிடம் போகிறது, உங்கள் முறை 2:20 ஆகிவிடும். எதிர்ப்பக்கமும் நடக்கும். வாக்ஓவர்கள் (எதிராளி வராததால் ஆடாமலே கிடைக்கும் வெற்றி) வரிசையாக விழுந்தால் 15 எண்கள் சட்டென்று ஓடிவிடும். ஆகவே கணக்கில் எவ்வளவு நேரம் மிச்சம் தெரிந்தாலும், கோர்ட் எண்ணிக்கையின் இரண்டு மடங்கு ஆட்டம் (இங்கே 12) முன்னால் இருக்கும்போதே மகள் ஹாலுக்குள் இருக்க வேண்டும். அது சுமார் ஒரு மணி நேரம். உடம்பைச் சூடாக்க, கிரிப் மாற்ற, பாத்ரூம் போய்வர அது தேவைப்படும்.

டிராவைப் படிக்கும்போது 'பை'யையும் (bye, முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போவது) கவனியுங்கள். 50 பேர் பெயர் கொடுத்தால் 64 இடமுள்ள டிராவில் 14 பேருக்கு பை கிடைக்கும், முதல் சுற்றில் 18 ஆட்டங்கள்தான். மகளுக்கு பை இருந்தால் சனிக்கிழமை காலை முழுக்க வெறுமையாகக்கூட இருக்கலாம். ஆனால் ரிப்போர்ட்டிங் டைம் (ஹாலுக்கு வந்து வருகையைச் சொல்ல வேண்டிய நேரம்) எல்லோருக்கும் ஒன்றாக இருக்கலாம், அதை விட்டால் பை இருந்தும் பயனில்லை.

ஒற்றையரும் இரட்டையரும் ஆடும் பிள்ளைக்கு இரண்டு அழைப்பும் ஒன்றின்மேல் ஒன்றாக வருவது சகஜம். முதல் ஆட்டத்துக்கு முன்பே கன்ட்ரோல் மேசையில் போய், "இவளுக்கு இரண்டு ஈவென்ட்" என்று சொல்லி, ஆட்டங்களுக்கு நடுவில் ஓய்வு எவ்வளவு தருவார்கள் என்று கேட்டு வையுங்கள். அழைத்த பிறகு போய்ச் சொன்னால் அவர்களால் செய்யக்கூடியது குறைவு.

திரும்புவதற்கு ஞாயிறு இறுதி ஆட்டத்துக்கு அறிவித்த நேரத்தோடு இரண்டு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். பரிசளிப்பும் உண்டு. அதன் மேல் ஐந்து மணி நேரம் ஓட்டினால் நள்ளிரவு, ஓட்டுபவரும் இரண்டு நாள் கேலரியில் உட்கார்ந்து களைத்தவர். ஞாயிறு இரவுக்கும் அறை எடுத்து, அந்த இரவை மட்டும் கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடியதாக வைத்துக்கொள்ளுங்கள். ரத்துக்குக் கெடு எத்தனை மணி என்பதையும் இப்போதே படியுங்கள். கெடு சனி மதியமே முடிந்தால், மகளின் நிலவரம் தெரிவதற்குள் அந்த வசதி போய்விடும்.

பதில் — கேலரி_அம்மா

அறை விஷயத்தில் என் கருத்து: ஹாலுக்குப் பக்கத்தில். வரைபடத்தில் தூரத்தைப் பார்க்காதீர்கள், புறப்படும் நேரத்தைச் சனி காலை 7 என்று வைத்துப் பயண நேரத்தைப் பாருங்கள், பிறகு மாலை 6-க்கு ஒருமுறை. 15 நிமிடத்துக்குள் இருந்தால் போதும். அதனால் நடுவில் மகனும் பாட்டியும் அறைக்கு வந்து படுத்து எழுந்து போகலாம், மறந்த பொருளை எடுத்து வரலாம். ஒரே கார் என்றால் இது இன்னும் முக்கியம். 40 நிமிடத் தொலைவில் அறை இருந்தால் காலையில் கிளம்பிய ஐந்து பேரும் இரவு வரை ஹாலில்தான்.

புக் செய்யுமுன் போனில் கேளுங்கள்:

- காலை உணவு எத்தனை மணிக்குத் தொடங்கும்? ரிப்போர்ட்டிங் 7:30 என்றால், 7 மணிக்குத் தொடங்கும் உணவு மகளுக்குப் பயன்படாது. முன்கூட்டிக் கட்டித் தருவார்களா என்று கேட்கலாம்.
- லிஃப்ட் உண்டா, அல்லது தரைத்தள அறை கிடைக்குமா?
- ஞாயிறு எத்தனை மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும்? காலிறுதி நடக்கும் நேரத்தில் பெட்டி கட்டும் நிலை வரக்கூடாது.
- சனிக்கிழமை இரவு அங்கே விசேஷம், நிகழ்ச்சி ஏதும் இருக்கிறதா? இருந்தால் அந்தப் பக்கம் இல்லாத அறை.

ஹாலைப் பற்றிப் போட்டி நடத்துபவர்களிடம் கேட்க வேண்டியது: பார்வையாளர்கள் கீழே உட்காரலாமா, மேலே கேலரி மட்டும்தானா? பல உள்ளரங்குகளில் கோர்ட் தளத்தில் ஆடுபவருக்கும் கோச்சுக்கும்தான் இடம், மற்றவர்கள் படியேறி மேலே போக வேண்டும். அப்படியானால் பாட்டிக்குப் படி ஏறாமல் வழி உண்டா என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். முதுகு சாயாத சிமென்ட் படிதான் இருக்கை என்றால் மடக்கு நாற்காலியை உள்ளே விடுவார்களா என்றும் கேளுங்கள். இல்லாவிட்டால் தடித்த மெத்தை ஒன்று அவசியம்.

6 வயதுப் பையனை முழு நாள் ஹாலில் வைக்க முயலாதீர்கள். ஒன்றேகால் மணி நேரம் தாண்டினால் கோர்ட் பக்கம் ஓட ஆரம்பிப்பான். அவன் ஓடினால் ஆட்டமே நிற்கும். நீங்களும் மனைவியும் முறை போட்டுக்கொள்ளுங்கள்: ஒருவர் மகளோடு, மற்றவர் பையன், பாட்டியோடு. முதல் சுற்றை ஒருவர் பார்த்தால் போதும். காலிறுதி, அரையிறுதிக்கு எல்லோரும் வரலாம்.

பதில் — 77_ஸ்பீடு

ஊர் மாறும்போது ஷட்டில் மாறும். சுற்றுலாத் திட்டத்துக்கு நடுவில் இது விடுபட்டுப் போகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போகும் ஊர் உங்கள் ஊரைவிட உயரத்தில் இருந்தாலோ வெப்பம் அதிகமாக இருந்தாலோ, காற்றின் அடர்த்தி குறையும், அதே அடிக்கு ஷட்டில் நீளமாகப் போகும். குளிரான ஊரில் குட்டையாக விழும். இதற்காகத்தான் இறகு ஷட்டில் குழாயில் 76, 77, 78 என்று வேக எண் போடுகிறார்கள். எண் கூடினால் வேகம் கூடும். நடத்துபவர்கள் ஊருக்கேற்ற எண்ணைத்தான் எடுப்பார்கள், ஆனாலும் மகளின் கை பழகியது வேறாக இருக்கும். டோர்னமென்டில் எந்த ஷட்டில், எந்த எண், இறகா நைலானா என்று கேட்டு, ஒரு குழாய் வாங்கி முந்தைய வாரமே ஆட விடுங்கள். விதிப்படி, பின்கோட்டுக்கு மேலிருந்து கீழ்க்கை வீச்சில், மேல்நோக்கி, பக்கக்கோட்டுக்கு இணையாக முழு வேகத்தில் அடித்தால், சரியான வேகமுள்ள ஷட்டில் எதிர்ப் பின்கோட்டுக்கு 530 முதல் 990 மில்லிமீட்டர் முன்னால் விழ வேண்டும். ஊரிலும் அங்கேயும் மகளே அடித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

அடுத்தது ஹாலுக்குள் காற்று. ஏசி துவாரமோ பெரிய கதவோ இருக்கும் பக்கத்திலிருந்து ஷட்டில் தள்ளப்படும். வெள்ளி மாலையே போய்ச் சேர்ந்து, பயிற்சிக்கு அனுமதி இருந்தால் இரண்டு முனையிலிருந்தும் பத்து கிளியர் (எதிர்ப் பின்கோடு வரை போகும் உயரமான அடி) அடிக்கச் சொல்லுங்கள். ஒரு முனையில் அவுட், மறுமுனையில் முக்கால் கோர்ட் என்றால் காற்றோட்டம் உண்டு. விளக்கு எங்கே இருக்கிறது, கண் கூசும் இடம் எது, பின்சுவர் வெளிர் நிறமா என்பதையும் அப்போதே பார்க்கலாம்.

பையில்: ஒரே டென்ஷனில் (இறுக்கத்தில்) ஸ்ட்ரிங் போட்ட இரண்டு ராக்கெட்டாவது (புது ஸ்ட்ரிங்கைக் கிளம்பும் நாளில் போடாமல் நாலைந்து நாள் முன்பே போட்டு ஆடிப் பாருங்கள்), மாற்றுக் கிரிப் நாலு, ஆட்டத்துக்கு ஒன்றாகச் சட்டை, சாக்ஸ், கோர்ட்டில் கறை விடாத அடிப்பாகம் கொண்ட ஷூ. வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் ராக்கெட்டை விடாதீர்கள், சூட்டில் ஸ்ட்ரிங் தளரும். வயதுச் சான்று அசலும் நகலும் தனி உறையில் இருக்கட்டும். பெயர் கொடுத்தபோது இணையத்தில் ஏற்றியிருந்தாலும் மேசையில் கேட்கலாம்.

சட்டை நிறம், இரட்டையர் ஒரே நிறத்தில் ஆட வேண்டுமா என்பதெல்லாம் அறிவிப்பிலேயே இருக்கும். ஒரு கேம் (ஆட்டத்தின் ஒரு பகுதி) 21 புள்ளியா 15 புள்ளியா என்பதையும் அங்கே பாருங்கள். 15 என்றால் டிராஷீட் சொன்ன 30 நிமிடம் 20 ஆகலாம்.

பின்கோர்ட்

மிக்க நன்றி. எண்ணை நேரமாக்கும் கணக்கு பெரிய உதவி. இன்னும் இரண்டு சந்தேகம். இடைவெளி மூன்று மணி நேரம் கிடைத்தால் மகளையும் வெளியே அழைத்துப் போகலாமா? சாப்பாடு எப்படி?

பதில் — கேலரி_அம்மா

மகளை வேண்டாம். வெயிலில் இரண்டு மணி நேரம் நடந்தால் அடுத்த ஆட்டத்தின் மூன்றாவது கேமில் கால் சொல்லிவிடும். ஹோட்டல் நீச்சல் குளமும் அப்படித்தான், நீரில் ஊறிய பாதத்தில் எளிதாகக் கொப்புளம் கிளம்பும். குளத்தை அவளுடைய கடைசி ஆட்டத்துக்குப் பிறகு வையுங்கள். மூன்று மணி நேரம் கிடைத்தால் அறைக்குப் போய்க் காலை உயர்த்தி வைத்துப் படுக்கட்டும், அலாரம் வைத்துவிட்டு.

சுற்றிப் பார்க்கும் பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். ஹாலிலிருந்து 20 நிமிடத்துக்குள் இருப்பவை, நேரம் குறித்த டிக்கெட் தேவைப்படாதவை: இவை பையனுக்கும் பாட்டிக்கும், இடைவேளைகளில். பூங்கா, நூலகம், சிறிய அருங்காட்சியகம் போன்றவை. மகள் கட்டாயம் பார்க்க விரும்பும் ஒரே ஒரு பெரிய இடத்தைத் திங்கள் காலைக்கு வையுங்கள். அது திங்கள் திறந்திருக்குமா என்று பாருங்கள், வார விடுமுறையைத் திங்களில் வைக்கும் இடங்கள் நிறைய. மூடியிருந்தால் வேறு இடம் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். பள்ளிக்கு ஒரு நாள் விடுப்பும் முன்பே சொல்லி வையுங்கள். அவள் சனியன்றே தோற்றுவிட்டால் ஞாயிறை அவளே திட்டமிடட்டும். சில பிள்ளைகள் அரையிறுதி பார்க்க விரும்புவார்கள், சிலர் ஹால் பக்கமே திரும்ப மாட்டார்கள். இரண்டும் சரிதான்.

பதில் — டிராஷீட்

சாப்பாட்டுக்கு: பெரிய வேளை ஆட்டத்துக்கு மூன்று நாலு மணி நேரம் முன்னால், மாவுச்சத்து அதிகம், எண்ணெயும் நாரும் குறைவு. ஒரு மணி நேரம் முன்பு என்றால் உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராம் மாவுச்சத்து போதும். 40 கிலோ பிள்ளைக்கு 40 கிராம், நடுத்தர வாழைப்பழம் ஒன்றரை. வயிறு புதிதாக எதையும் சோதித்துப் பார்க்கும் நாள் அதுவல்ல, வீட்டில் பழகியதையே எடுத்துப் போங்கள். அந்த ஊர்ச் சாப்பாட்டை மகள் கடைசி ஆட்டத்துக்குப் பிறகு ருசிக்கட்டும், மற்றவர்கள் எப்போது வேண்டுமானாலும்.

தண்ணீரைத் தாகம் எடுத்தபின் ஒரேயடியாகக் குடிக்காமல் சிறிது சிறிதாக. விதிப்படி கேமில் ஏதாவது ஒரு பக்கம் முதலில் 11 புள்ளி தொடும்போது 60 விநாடி, கேம்களுக்கு நடுவில் 120 விநாடி இடைவேளை உண்டு (21 புள்ளி ஆட்டத்தில்). பாட்டில் கோர்ட் ஓரப் பையிலேயே இருக்கட்டும். கேலரியிலிருந்து இறங்கி வந்து கொடுக்க அந்த நேரம் போதாது.

இரட்டையர் ஜோடிப் பிள்ளையின் பெற்றோரோடு இப்போதே பேசிவிடுங்கள். அவர்கள் சனியன்றே ஊர் திரும்பும் திட்டத்தில் இருந்தால், இரட்டையர் ஞாயிறுக்குப் போகும்போது அந்தப் பிள்ளையை யார் அறையில் வைத்துக்கொள்வது, யார் கொண்டுபோய் விடுவது என்று கேள்வி வரும். உங்கள் அறையில் கூடுதல் கட்டில் போட முடியுமா என்பதையும் ஹோட்டலில் கேட்கும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.