அம்மாயி கேபிள் டிவி பாக்கறதுக்கு 32 இன்ச் போதுமா, 43 எடுக்கலாமா?

கோபிக்காரன்:
வணக்கங்க. ஊட்ல இருந்த 21 இன்ச் டப்பா டிவி பொகைஞ்சு போச்சு, புதுசு எடுக்கோணும். பாக்கறது முக்காவாசி அம்மாயிதான், காலைல பக்திப் பாட்டு, மத்தியானம் சீரியல், ராத்திரி முரசுலயோ சன் லைஃப்லயோ பழைய பாட்டு, அவ்ளோதான். லோக்கல் கேபிள், எஸ்டி பாக்ஸ், அதாவது எச்டி வராத சாதா பாக்ஸ். ஓடிடி எல்லாம் வேண்டியதில்ல. ஆசாரத்துல டிவி மாட்டற செவுத்துக்கும் கட்டிலுக்கும் நடுவுல அளந்து பாத்தேன், 8 அடி இருக்குது, கட்டிலு நேருக்கு நேரா இல்லாம கொஞ்சம் ஓரமா கெடக்குது.

ஈரோட்ல கடைக்குப் போனா இன்னும் கொஞ்சம் காசு போட்டு 43 இன்ச் 4கே எடுங்கன்னே நிக்கறாங்க. ஆனா பெருந்துறைல மாமன் ஊட்ல 55 இன்ச் 4கே இருக்குது, அதுல கேபிள் போட்டா நியூஸ் வாசிக்கற புள்ள மூஞ்சி மழைல நனைஞ்ச கோலமாட்டத் தெரியுது, கீழ ஓடற எழுத்தச் சுத்தியும் ஒரே அழுக்கு. எந்த சைஸ், எந்த ரெசல்யூசன் எடுக்கறதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பனியன் கம்பெனி:
43 4கே எடுங்க ப்ரோ. இன்னிக்கு அம்மாயி பாப்பாங்க, நாளைக்கு நீங்க யூடியூப் பாக்க மாட்டீங்களா? 32க்கு மேல போனா ஜிஎஸ்டி 28 இருந்துது, 2025 செப்டம்பர் 22ல இருந்து அதுவும் 18 ஆயிருச்சு. 32 எல்லாம் இப்ப பெட்ரூம் டிவிங்க.

தறிச்சத்தம்:
மேல சொன்னவரு யூடியூபுக்குச் சொன்னா சரி, ஆனா கேட்டவரு கேட்டது எஸ்டி கேபிளுக்குங்க.

எஸ்டில வர்றது 576 வரி, ஒரு வரிக்கு மிஞ்சிப்போனா 720 புள்ளி, பெருக்கிப் பாத்தா ஒட்டுக்கா நாலு லட்சத்துச் சில்லற. 4கே பேனல்ல 83 லட்சம் புள்ளி இருக்குது, அதாவது சரியா 20 மடங்கு, வர்ற ஒவ்வொரு புள்ளிக்கும் மீதி 19 புள்ளிய டிவியே குத்துமதிப்பா ரொப்பிக்கோணும். நல்ல பிராசசர் இருக்கற வெல ஒசந்த டிவி அத ஓரளவு ஒழுங்காச் செய்யும், கம்மி ரேட்டு 4கேல அதுதான் மொதல்ல சொதப்பும். ஃபுல் எச்டின்னா 5 மடங்கு. 32 இன்ச்ல வழக்கமா வர்ற எச்டி ரெடி, 1366க்கு 768, அதுல ரெண்டர மடங்குதான்.

ஆனா என்னையக் கேட்டா ரெசல்யூசன விட சைஸும் தூரமுந்தான் பெரிய சமாச்சாரம். நல்லாத் தெரியற கண்ணுக்குப் படத்தோட ஒசரத்துல 6 மடங்கு தள்ளி உக்காந்தா எஸ்டி சுத்தமாத் தெரியும், அதுக்கு இக்கட்ட வந்தா மசமசப்பு தெரிய ஆரம்பிச்சிரும். 32 இன்ச்சுக்கு ஒசரம் 15.7 இன்ச், ஆறால பெருக்குனா கிட்டத்தட்ட 8 அடி, உங்க ஆசாரத்துக்கு அளவெடுத்துத் தச்ச சைஸு. 43க்குப் பத்தர அடி வேணும். 55க்குப் பதிமூணர அடி, மாமன் சோபாவ வாசல்லதான் போடோணும்.

டப்பா டிவி கொஞ்சம் சாஃப்ட்டாக் காட்டிக் குத்தங்கொறைய மறைச்சிரும், எல்இடி அப்படியே போட்டுக் குடுத்துரும். அதோட எஸ்டி சேனல ரொம்ப நெருக்கி அனுப்பறதால, பாட்டுல ஆளுங்க வெசையா ஆடறப்ப படம் கட்டங்கட்டமா ஒடையும் பாருங்க, அத எந்த டிவியாலயும் ஒட்ட வெக்க முடியாது.

மஞ்ச மண்டி:
தறி அண்ணன் சொன்னது சரிங்க. நானு ஒயர் பத்திச் சொல்றேன். பாக்ஸ்ல எச்டிஎம்ஐ ஓட்ட இருந்தும் மஞ்ச செவப்பு வெள்ள ஒயரையே மாட்டி வெச்சிருக்கற ஊடு நெறைய இருக்குது, எச்டிஎம்ஐ போட்டாலே எழுத்தெல்லாம் கொஞ்சம் தெளிஞ்சிரும். அந்த ஓட்ட இல்லாத பழைய பாக்ஸுன்னா டிவி வாங்கறப்பவே ஏவி இன், அதாவது அந்த மூணு கலர் ஒயர் சொருகற ஓட்ட, இருக்குதான்னு பாத்துக்கோங்க, சிலதுல சின்ன பின் தான் இருக்கும், அதுக்குத் தனி ஒயர் வேணும்.

அப்புறமேட்டுக்கு டிவி செட்டிங்ல விவிட் மோட மாத்திருங்க, ஷார்ப்னஸ நல்லாக் கொறைங்க, நாய்ஸ் ரிடக்சன் இருந்தா போட்டு உடுங்க. ஷார்ப்னஸ் எச்சா வெச்சா எஸ்டில இருக்கற அழுக்குக்குத்தான் ஓரங்கட்டி உடும், நீங்க சொன்ன எழுத்துப் பிரச்சன பாதி அதுதான். கட்டிலு ஓரமா கெடக்குதுன்னீங்க, அதுக்கு ஐபிஎஸ்ங்கற வகை பேனல் நல்லது, விஏங்கற வகைன்னா பக்கவாட்டுல இருந்து பாக்கறப்ப கலரு வெளுக்கும்.

கோபிக்காரன்:
ரொம்ப நன்றிங்ணா. இன்னொரு சந்தேகம், பழைய பாட்டுக்கு ரெண்டு பக்கமும் கருப்புப் பட்ட வருமே, 32லயும் அப்படி வந்தா படம் ரொம்பச் சின்னதா ஆயிராதுங்களா? எச்டி பேக் போட்டுக்கலாமான்னும் ஒரு ரோசன.

தறிச்சத்தம்:
பட்ட வர்றது வரட்டுங்க. 32ல பட்ட போக நடுவுல நிக்கற படம் 26 இன்ச் டிவிக்குச் சமம், உங்க பழைய 21 விடப் பெருசுதான். பட்டைய ஒளிக்கறேன்னு படத்த இழுத்து உட்டா ஆளெல்லாம் குண்டாயிருவாங்க, ஜூம் பண்ணா தலையும் காலும் வெட்டுப்படும், மசமசப்பும் எச்சாகும்.

எச்டி பேக்குன்னா, சன் டிவி, கேடிவி ரெண்டும் எச்டில வருது, சீரியலுக்கு நல்லாத்தான் இருக்கும், ஆனா அதுக்குப் பாக்ஸும் எச்டியா மாத்தோணும். முரசும் சன் லைஃபும் எஸ்டியாவேதான் வரும், ராத்திரிப் பாட்டுக்கு அந்தக் காசு வேலைக்காவாது.

பனியன் கம்பெனி:
சரிங்க, 6 மடங்கு கணக்கு எனக்குத் தெரியாது, 8 அடிக்கு 32ன்னே வெச்சுக்குங்க. ஆனா ஊட்ல மத்தவங்களும் பாக்கறதா இருந்தா 43 ஃபுல் எச்டி, 4கே வேண்டாம். கட்டில ரெண்டடி பின்னால நவுத்த முடிஞ்சா அதுவும் ஓடிரும்.

கோபிக்காரன்:
கட்டில நவுத்துனா கதவு தொறக்காதுங்க. 32 எச்டி ரெடியே எடுத்தர்றேன்.

மஞ்ச மண்டி:
எடுங்க. கடைல ஓடற 4கே மீனு, பூவு வீடியோவப் பாத்துட்டு எடுத்தறாதீங்க, கேபிளோ டிஷ்ஷோ எது இருந்தாலும் ஒரு எஸ்டி சேனல் போடச் சொல்லி 8 அடி தள்ளி நின்னு பாருங்க. போட மாட்டேன்னா அடுத்த கடைக்குப் போயிருங்க. செவுத்துல ரொம்ப மேலயும் மாட்டாதீங்க, அம்மாயி கட்டில்ல உக்காந்தா கண்ணு இருக்கற ஒசரத்துக்குப் படத்தோட நடுப்பாகம் வரோணும்.