நீலகிரி ஆட்டு ரோமத்தில் சால்வை: மாதிரித் துண்டு அட்டையாகிவிட்டது

தக்களி:
வணக்கம். கோத்தகிரிப் பக்கம் வசிக்கிறேன். நீலகிரிச் செம்மறி வளர்க்கும் ஒருவரிடம் ரோமம் வாங்கி, அலசி, சிக்கெடுத்துப் பன்னி, ஓராண்டாக மாலை வேளைகளில் தக்களியில் நூற்று, இரட்டைப் புரியாக முறுக்கி 600 கிராம் சேர்த்திருக்கிறேன். எட்டு அங்குல அகலத்தில் ஒரு மாதிரித் துண்டு நெய்து, கம்பளி நெய்யும் பெரியவர் ஒருவர் செய்யக் கண்டபடி சுடுநீரில் துணி சோப்புப் போட்டுக் கசக்கி, குழாய்த் தண்ணீரில் அலசினேன். துண்டு ஆறு அங்குலமாகச் சுருங்கி, மடித்தாலும் மடியாத அட்டையாகிவிட்டது. மஞ்சள்தூளில் தோய்த்த கரையோ, ஜன்னலோரத்தில் இரண்டே வாரத்தில் வெளிறிவிட்டது. மீதி நூலைத் தறியில் ஏற்றக் கை வரவில்லை. 30 அங்குல அகலமும் 80 அங்குல நீளமும் உள்ள சால்வைக்கு இந்த நூல் போதுமா? சாயத்துக்கு என்ன செய்யலாம்?

குழித்தறி:
பெரியவர் செய்தது தவறன்று. அது வேறு ஆட்டின் ரோமத்துக்கு உரிய முறை. குறும்பை போன்ற நாட்டு ஆடுகளின் ரோமம் முரடானது. சூட்டையும் காலால் மிதிப்பதையும் தாங்கிக் கம்பளியாக இறுகும். நீலகிரி இனமோ 19ஆம் நூற்றாண்டில் நம் கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆகிய வெளிநாட்டுச் செம்மறி இனங்கள் கலந்து உருவானது. மெரினோ வழி வந்த மெல்லிழையின் செதில்கள், சூடும் ஈரமும் உராய்வும் சேர்ந்தால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு விடா. சோப்பின் காரம் அதைத் துரிதப்படுத்தும். ஆகவே கை சூட்டு நீரில் சிறிது ஷாம்பூ கலந்து, துண்டைக் கசக்காமல் அரைமணி நேரம் ஊறவையுங்கள். அலசும் நீரும் அதே சூட்டில் இருக்க வேண்டும். பிறகு முறுக்காமல் துவாலையில் சுருட்டி அழுத்தி, தட்டையாக விரித்துக் காயவிடுங்கள்.

நூல் கணக்குக்கு, அளவுகோலின் மேல் ஓர் அங்குல நீளத்துக்கு நூலை நெருக்காமல் சுற்றிப் பாருங்கள். 18 சுற்று வந்தால், சாதா நெசவுக்கு அங்குலத்துக்கு ஒன்பது இழை போதும். சுருக்கத்துக்கு 15 சதவீதம் சேர்த்தால் தறியில் 35 அங்குலம், அதாவது 315 இழை. குஞ்சத்துக்கும் தறியில் வீணாகும் நுனிக்கும் சேர்த்துப் பாவு (தறியில் நீளவாக்கில் கட்டும் இழை) நீளம் 3.3 மீட்டர் வைத்தால் பாவுக்கு 1,040 மீட்டர் ஆகும். குறுக்கே ஓடும் ஊடைக்கு 800 மீட்டர் ஒதுக்குங்கள்.

சாயச்சட்டி:
மஞ்சள் வெயில் தாங்காது. சாயம் பிடிக்கப் படிகாரம் போட்டாலும் அதன் குணம் அதுதான். நான் மஞ்சளை விட்டே பல வருடங்கள் ஆகின்றன. சிவப்புக்கு நாட்டு மருந்துக் கடை மஞ்சிட்டியும், பொன்னிறத்துக்கு நூலின் எடைக்குச் சமமான காய்ந்த வெங்காயத் தோலும் நன்றாக ஏறும். சாயத்துக்கு முன் 100 கிராம் நூலுக்கு 15 கிராம் படிகாரம் கரைத்த நீரில், சிட்டத்தை (நூல் கட்டை) நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, 80 டிகிரி அளவில் ஒரு மணி நேரம் வைத்து, அதே நீரில் ஆறவிடுங்கள். கொதிக்க விட வேண்டாம், கிளறவும் வேண்டாம். எவர்சில்வர் பாத்திரமே நல்லது. இரும்புச் சட்டி நிறத்தைக் கறுக்க வைக்கும். அவுரி நீலம் விரும்பினால், பருத்திக்கு வைக்கும் காரத் தொட்டியில் ரோமத்தை இறக்காதீர்கள். கடுங்காரம் இழையையே அரித்துவிடும்.

தக்களி:
மிக்க நன்றி. 50 கிராம் சிட்டம் 180 மீட்டர் வந்தது. ஆக நூல் போதும். குழித்தறி ஐயா சொன்னபடி அலசிய இரண்டாம் துண்டு எட்டிலிருந்து ஏழு அங்குலத்தில் நின்றது, கையில் தளதளவென்று கிடக்கிறது. ஆனால் ஒரு சிக்கல்: விழுது (பாவு இழைகளைத் தூக்கி இறக்கும் கண்ணிகள்) ஏறி இறங்கும்போதெல்லாம் பாவு இழைகள் பஞ்சு பஞ்சாக ஒட்டிக்கொண்டு, ஊடை நுழையும் வாய் திறப்பதில்லை. ஒவ்வொரு ஊடைக்கும் கையால் பிரித்துவிட வேண்டியிருக்கிறது.

குழித்தறி:
கம்பளி நெசவாளர்கள் அதற்குத்தான் புளியங்கொட்டைக் கூழ் பூசுகிறார்கள். வறுத்துத் தோல் நீக்கி இடித்த கொட்டையை நீர்க்கக் காய்ச்சி, பாவை இழுத்துக் கட்டித் தூரிகையால் ஒரே திசையில் தடவி, முழுதும் உலர்ந்தபின் ஏற்றுங்கள். உங்கள் இரட்டைப் புரிக்கு மெல்லிய பூச்சே போதும். பாவு இழைகள் நுழையும் சீப்பு போன்ற அச்சும் சற்று நெருக்கமாக இருக்கலாம், ஒரு பல்லுக்கு எத்தனை இழை விட்டிருக்கிறீர்கள்?