ஹாலுக்கு டோப் கலர் அடிச்சோம், ராத்திரியானா கத்தரிப்பூ கலரா தெரியுது

சிங்காநல்லூர்_அக்கா:
புது ஃப்ளாட் ஹாலுக்கு வார்ம் டோப் எடுத்தோம், சாம்பலும் பிரவுனும் கலந்தாப்ல, ஷேட் கார்டுல பாக்கும்போது டிகாக்‌ஷன் கம்மியா விட்ட காபி மாதிரி அவ்வளவு இதமா இருந்துச்சு. ஒரு செவுரு மட்டும் ரெண்டு கோட் முடிஞ்சிருக்கு. பகல்ல நல்லாதான் இருக்கு, சாயங்காலம் ட்யூப்லைட் போட்டதும் கத்தரிப்பூ கலர் அடிக்குது, எனக்கு மனசே சரியில்ல. ஹால் வடக்குப் பார்த்தது, தரை க்ரீம் டைல்ஸ், கதவு தேக்கு. மீதி மூணு செவுருக்கும் இதையே அடிக்கலாமா? பெயிண்டர் திங்கக்கிழமை வர்றார்.

வண்ணப்பெட்டி:
அக்கா பெயிண்ட்ட மாத்துறதுக்கு முன்னாடி லைட்ட மாத்திப் பாருங்க. லைட் வாங்கின அட்டைப்பெட்டில 6500 கெல்வின்னு போட்டிருக்கும், அது நீலம் கலந்த வெள்ளை. டோப்ல அடியில கொஞ்சம் ரோஸோ பச்சையோ ஊதாவோ ஒளிஞ்சிருக்கும், உங்க ஷேட்ல ஊதா இருக்கு போல, அந்த வெளிச்சத்துல அது மேல வந்துடுது. 3000 கெல்வின் வார்ம் ஒயிட், அதாவது லேசா மஞ்சள் கலந்த வெள்ளை, ஒரே ஒரு பல்பு வாங்கி அந்த செவுரு பக்கத்துல மாட்டி ராத்திரி பாருங்க. அப்பவும் ஊதா தெரிஞ்சா ஷேட்டையே மாத்திடுங்க, தயங்காதீங்க.

மாடிவீடு:
வடக்குப் பார்த்த ரூம்ல எப்பவும் குளிர்ச்சியான வெளிச்சம்தான்னு வெளிநாட்டு வீடியோல சொல்றத அப்படியே நம்பாதீங்க, அது அவங்க ஊருக்கு. கோயம்புத்தூர்ல சித்திரை ஆரம்பத்துல இருந்து ஆவணி ஆரம்பம் வரைக்கும் உச்சி வெயில் வடக்குப் பக்கம் சாய்ஞ்சுதான் இருக்கும், மார்கழில தெக்க போயிடும். ஒரே செவுரு ரெண்டு சீசன்லயும் வேற வேற மாதிரி தெரியும்.

காரைக்குடி_மருமக:
எங்க வீட்ல ரெட் ஆக்சைடு தரை, டோப் அடிச்சதும் கீழ்ப்பாதி செவுரு முழுக்க ரோஸ் ஆயிடுச்சு, தரையோட செவப்பு செவுத்துல அடிக்குது. அப்புறம் கொஞ்சம் பச்சை சாயல் இருக்கிற டோப் எடுத்தோம், சரியாச்சு. அதையும் நேரா செவுத்துல அடிக்கல, பெரிய சார்ட் பேப்பர்ல ரெண்டு கோட் அடிச்சு, சுத்தி வெள்ளை ஓரம் விட்டு, ஒவ்வொரு செவுத்துலயும் ஒட்டி காலை மத்தியானம் ராத்திரி பாத்தோம். இன்னொண்ணு, பளபளப்பே இல்லாத மேட் ஃபினிஷ் வேண்டவே வேண்டாம். சோபாவுக்குப் பின்னாடி எண்ணெ வச்ச தலைய சாய்ச்சு சாய்ச்சு எங்க வீட்ல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை, தொடச்சா பளபளன்னு இன்னும் பெருசாகுது. கழுவுற மாதிரி, லேசா மட்டும் பளபளக்குற சாஃப்ட் ஷீன் வாங்குங்க.

வண்ணப்பெட்டி:
அதேதான். சீலிங்குக்கும் நீலம் அடிக்கிற பளிச் வெள்ளை வேணாம், லேசா க்ரீம் கலந்த வெள்ளை போடுங்க, தேக்குக் கதவோட அழகா சேரும்.

சிங்காநல்லூர்_அக்கா:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். நேத்து ராத்திரி 3000 பல்பு போட்டுப் பாத்தேன், ஊதா முக்கால்வாசி போயிடுச்சு, கதவுக்கிட்ட அதே காபி கலர் வந்துடுச்சு. ஸ்விட்ச்போர்டு பக்கத்துல மட்டும் இன்னும் லேசா தெரியுது, அங்கதான் பழைய ட்யூப்லைட் இருக்கு. அதையும் கழட்டிட்டு திங்கக்கிழமை மீதி செவுரு அடிக்கச் சொல்லிட்டேன், மேட் இல்லாம.